வளைகாப்பு முடிந்து மனைவியை அனுப்பிய பிறகு கணவனுக்கு என்ன வேலை?

தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆனையூரில் வாடகை வீடு, தனியார் கம்பெனியில் வேலை, மனைவிக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். "வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் பேசுகிறார்கள். என்னிடம் எப்போ ட்ரீட் என்று மட்டும் கேட்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை?" இதுதான் கேள்வி.

நான் திருமங்கலம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். செவ்வாய்க்கிழமை வந்தால் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது இத்தனை வருடமாக என் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. மூத்தவளுக்கு இப்போது 15 வயது. அவள் பிறந்த கதையைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் புரியும்.

என் மனைவிக்கும் ஏழாம் மாதம் வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் கட்டி வந்து, கை நிறைய கண்ணாடி வளையல் போட்டு, பேரையூர் பக்கம் உள்ள அவள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் எனக்கும் அப்போது மறுபேச்சு இல்லை. தினமும் ராத்திரி எட்டரைக்கு போன் செய்வேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன குழம்பு?" அத்தோடு முடிந்துவிடும். எட்டாம் மாதம் முடிகிற நேரம், ஒரு நாள், "ஏங்க, ரெண்டு நாளா தலை வலிக்குதுங்க" என்றாள். "வெயில்ல அலைஞ்சிருப்ப. தைலம் தேய்ச்சுட்டுப் படு" என்றேன். அதற்கு அவள், "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்றாள். நான் அதைக் காதில் வாங்கினேனா என்றுகூட இன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. "தூங்கினா சரியாப் போயிரும்" என்று வைத்துவிட்டேன்.

அன்று காலையில்தான் என் கவுன்டரில் நின்ற ஒரு பெண்ணிடம், "தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குறது, மேல் வயித்துல வலி, இதுல எது வந்தாலும் உடனே வந்துரணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அதே வாய் ராத்திரி என் மனைவியிடம் தைலம் தேய்க்கச் சொன்னது.

மறுநாள் காலையில் அந்த ஊர் நர்சம்மா வழக்கம்போல வீடு வீடாக வந்தவர், இவளைப் பார்த்ததும் உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். 160-க்கு 110. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி, அவரும் கூடவே ஏறி வந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மக்னீசியம் சல்ஃபேட் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கால் நடுங்கியது. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்துவிடாமல் தடுக்கக் கொடுக்கிற மருந்து அது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். 35 வாரத்தில் பிள்ளை பிறந்தாள், ஒரு கிலோ 900 கிராம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த நர்சம்மா ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே, தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது: வளைகாப்போடு கணவனின் வேலை முடிவதில்லை. ஆபத்து கூடுகிற மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆனால் நம் ஊர் வழக்கம் சரியாக அந்த நேரத்தில் கணவனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிடுகிறது. அவள் அம்மா வீட்டுக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு உங்கள் வாடகை வீட்டில் கிடைக்காது. அவள் போகட்டும். நீங்கள் விலகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு இப்போதே, இந்த ஐந்தாம் மாதத்திலேயே, தயாராக வேண்டும்.

முதலில் அந்த அட்டையைக் கையில் எடுத்துப் படியுங்கள். தாய் சேய் நல அட்டையை நம்ம ஆட்கள் மஞ்சப்பையில் போட்டு வைத்து, செக்கப் நாளில் மட்டும் எடுப்பார்கள். அதில் உங்கள் மனைவியின் எடை, பிரஷர், ரத்த அளவு எல்லாம் மாதாமாதம் எழுதியிருக்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அது ஆபத்து. பிரஷர் 140-க்கு 90 என்ற கோட்டைத் தொட்டால் டாக்டர் கவனத்துக்குப் போக வேண்டும். இந்த நாலு எண்ணும் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். ஒவ்வொரு செக்கப்பும் முடிந்ததும் அந்தப் பக்கத்தை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததற்கான எண், இருக்கும். பிரசவத்தின்போதும், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அதைக் கேட்பார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவிக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் என்று 2018-ல் உயர்த்தினார்கள்.

அட்டையில் ரத்த வகையையும் பாருங்கள். அவருக்கு நெகட்டிவ் என்றால் உங்கள் ரத்த வகையும் தெரிந்தாக வேண்டும். அப்பா பாசிட்டிவாக இருந்தால் பிள்ளையும் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் தாயின் உடம்பு அந்த ரத்தத்துக்கு எதிராக வேலை செய்யத் தொடங்கலாம். முதல் பிள்ளையைவிட அடுத்த பிள்ளைக்குத்தான் அது பெரிய கேடு. அதைத் தடுக்க 'ஆன்டி டி' என்ற ஊசி இருக்கிறது. 28-வது வாரத்தில் ஒன்றும், பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒன்றும் போடுவார்கள். தன் ரத்த வகை என்ன என்றே தெரியாத ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸில் ஏதோ ஒன்று எழுதியிருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேன் இப்போது வந்திருக்கும், அல்லது வரப்போகிறது. பிள்ளையின் தலை, முதுகுத்தண்டு, இருதயம், கை கால் எல்லாம் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது இதில்தான். லீவு போட்டுக் கூடப் போங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ம் வருடத்துச் சட்டப்படி அதைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். அதோடு, பிறந்த பெண் சிசுவைக் கொன்ற வீடுகள் நம்ம பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்தன. வளர்க்க விரும்பாத சிசுவை அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி மதுரைப் பக்கமும் வந்தது அதனால்தான். இரண்டு பெண்களின் அப்பாவாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. என் தொழில் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும். போதாக்குறைக்கு, "மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பிறக்கும்" என்று சொல்ல ஓர் ஆள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். மலம் கறுப்பது இரும்பால்தான், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டீ, காபி, பால் குடித்த கையோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியத்தோடு சேர்த்தும் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை, கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு என்று வைத்துக்கொண்டோம். குமட்டல் தூக்கத்தில் தெரியாமல் போய்விடும். உங்கள் வீட்டில் டாக்டர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை உங்களுடையதாக இருந்தால் அது விட்டுப்போகாது.

இரண்டாவது தடவை நான் கண்ணில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். நாலாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தோள் மட்டும் லேசாக அசைந்தது. கிட்டே போனேன். இடது உள்ளங்கை நிறையப் பச்சரிசி, வலது கையால் நாலைந்து மணியாக எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டாள். "ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்கு. அரிசி டப்பாவைத் திறந்தாலே அந்த வாசம் இழுக்குது" என்றாள். மசக்கையில் மாங்காய் கேட்பது போல இதுவும் என்று பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் பச்சரிசி, சாம்பல், திருநீறு, செங்கல் தூள், மண் என்று நாக்கு தேடினால், பெரும்பாலும் உடம்பில் இரும்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் ரத்தம் பார்த்தோம். 8.9. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், பேரீச்சை, நெல்லிக்காய் என்று நானே சந்தையிலிருந்து வாங்கி வந்தேன். இரண்டு மாதத்தில் 10.6-க்கு வந்தது, அரிசி மெல்லுவதும் தானாக நின்றது. நீங்கள் அடுப்படிக்குப் போகாத ஆள் என்றால் இதெல்லாம் உங்கள் கண்ணிலேயே படாது. போங்கள்.

ஆறாம் மாதத்துப் பக்கம் சர்க்கரைப் பரிசோதனை வரும், 24-லிருந்து 28 வாரத்துக்குள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. நம் நாட்டில் இந்தச் சோதனையை எளிமையாக்கி எல்லா ஊருக்கும் கொண்டு சேர்த்ததில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இரண்டு மணி நேரம் உங்கள் மனைவி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வாந்தி வராமல் இருக்க வேண்டும். பக்கத்தில் பேச்சுக்கு ஓர் ஆள் இருந்தால் நேரம் போகும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

வாசனை விஷயம் ஒன்று. நான் தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவேன். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, இரண்டாம் மாதம், வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். "ஏங்க, அந்தப் பூவை வெளிய வச்சிட்டு வாங்க" என்று அங்கிருந்தே குரல். மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு மல்லிகை ஆகவில்லை. எனக்கு மனதுக்குள் சுருக்கென்றது, என்னையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது மசக்கை, அவள் உடம்பு செய்கிற வேலை, அவள் மனம் செய்கிறதல்ல என்று புரிய எனக்கு நாளாயிற்று. ஐந்தாம் மாதம் ஒருநாள் அவளே, "இன்னைக்குப் பூ வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். உங்கள் மனைவிக்கும் உங்கள் சட்டை வாசனையோ, தாளிக்கிற வாசனையோ ஆகாமல் போயிருக்கலாம். மனதில் வைக்காதீர்கள்.

பெரியவர்கள் உங்களுக்கும் சில கட்டளைகள் போட்டிருப்பார்கள். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது, பாம்பு அடிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலையேறக் கூடாது, புது வீடு கட்டக் கூடாது. இவற்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் நான் கடைப்பிடித்தேன். அம்மாவின் மனதுக்காகத்தான். அதோடு, வயிற்றில் பிள்ளை இருப்பது அவளுக்கு மட்டும் அல்ல, உனக்கும்தான் என்று என்னிடம் சொன்ன ஒரே வழக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தக்கசிவு இருக்கிறது, தண்ணீர் கசிகிறது என்பது போல ஏதாவது காரணம் சொல்லி டாக்டர் தடுத்தால் ஒழிய, அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அவருக்கு விருப்பம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது சில ஆண்களுக்கும் குமட்டல் வரும், எடை கூடும், பல் வலிக்கும், வயிறு சரியிருக்காது. மருத்துவத்தில் இதற்குக் 'கூவாட்' என்று பேரே இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஒரு கணக்குப்படி, மனைவியின் கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த முதல் வருடத்திலும் சுமார் பத்தில் ஓர் அப்பாவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஆக, ராத்திரி கண்ணை முழித்துக்கொண்டு கிடப்பது நீங்கள் மட்டும் இல்லை. பயத்தை மனைவியிடமே சொல்லுங்கள். நான் முதல் தடவை சொல்லவில்லை. ஆம்பளை தைரியமாக இருந்தால்தான் அவளுக்குத் தெம்பு என்று நினைத்தேன். இரண்டாவது தடவை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, "மறுபடியும் அந்த மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும்தான். நீங்க கல்லு மாதிரி இருந்ததாலதான் போன தடவை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லத் தோணல" என்றாள். அந்தத் தலைவலியைக்கூட இரண்டு நாள் கழித்துத்தான் அவள் என்னிடம் சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

வளைகாப்புக்குப் பிறகு என்ன என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அவரை அனுப்புவதற்கு முன்பே ஒரு தடவை நீங்கள் அந்த ஊருக்குப் போய்வாருங்கள். அந்தப் பகுதி நர்சம்மா யார், அவர் எண் என்ன, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, ராத்திரியில் டாக்டர் இருக்கிற, ரத்தம் ஏற்ற வசதியுள்ள ஆஸ்பத்திரி எது, அங்கே போக எத்தனை நிமிடம் என்று எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே பார்த்துக்கொண்டிருந்த நர்சம்மாவிடமும், "இந்த தேதியிலிருந்து அங்கே இருப்பாள்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மாதச் செக்கப் விட்டுப்போவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

மாமியாரிடம் தனியாகப் பேசுங்கள். நான் இரண்டாவது தடவை பேசினேன். "அத்தை, உங்களைவிட எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தலைவலி, கண்ணு மங்கல், முகம் கை வீக்கம், ரத்தம், தண்ணி போறது, பிள்ளை அசைவு குறையிறது, இதுல எது இருந்தாலும் எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி 108-க்குப் பண்ணுங்க" என்றேன். "சரிங்க மாப்ள" என்று அதை ஒரு தாளில் எழுதச் சொல்லிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். கால் வீக்கத்தை, "நீர் இறங்கியிருக்கு, பிரசவம் நெருங்கிருச்சு" என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். கால் மட்டும் சாயங்காலம் வீங்கி ராத்திரி படுத்தால் வடிவது இயல்பு. காலையில் எழும்போதே முகமும் விரலும் வீங்கியிருந்தால், மோதிரம் இறுகினால், பிரஷர் பார்க்க வேண்டும்.

போனில் "சாப்ட்டியா" என்பதோடு நிறுத்தாதீர்கள். தலைவலி இருக்கா, மாத்திரை போட்டியா, இன்றைக்குப் பிள்ளை எப்படி அசைஞ்சது என்று மூன்றையும் தினமும் கேளுங்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு, சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாரம் ஒரு தடவை நேரில் போங்கள். ஆனையூருக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒன்றும் ஏழு கடல் இல்லை. "மாப்பிள்ளை அடிக்கடி வந்தா மரியாதை இல்லை" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

லீவு பற்றி. மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. உங்களைப் போலத் தனியார் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை, கம்பெனி மனது வைத்தால்தான். 2023-ல் மனைவியின் பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில், தந்தையருக்கு விடுப்புச் சட்டம் வேண்டும் என்று நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொன்னது. சட்டம் வருகிறபோது வரட்டும். நீங்கள் இப்போதிருந்தே உங்கள் லீவைச் சேர்த்து வையுங்கள். முடிந்தால் பிரசவத்துக்குப் பிந்திய இரண்டு வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பச்சை உடம்புக்காரிக்கு ராத்திரியில் ஓர் ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

குறித்த தேதி சித்திரையில் வந்தால் வழியையும் யோசியுங்கள். எங்கள் சின்னவளுக்குக் கொடுத்த தேதி திருவிழா வாரத்திலேயே விழுந்தது. நாங்கள் பழங்காநத்தத்தில், ஆஸ்பத்திரி ஆற்றுக்கு வடக்கே. அழகர் இறங்குகிற சமயத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டி ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது. மூன்று நாள் முன்னதாகவே அண்ணா நகரில் உள்ள சின்னம்மா வீட்டுக்கு மாறிவிட்டோம். அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, எதிர்சேவை அன்று, வலி எடுத்தது. நடந்து பார்க்கச் சொன்னேன். சூட்டு வலி என்றால் நடந்தால், இடம் மாறிப் படுத்தால் தணியும். இது தணியவில்லை, இடுப்பிலிருந்து முன்பக்கம் வந்து, வர வர நெருங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆனதும் கிளம்பினோம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். மணி என்ன, தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் துணைக்குப் பெண்ணைத்தான் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். உங்களை விட்டால் தயங்காமல் போங்கள். நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வலி வரும்போது இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தை உள்ளங்கையால் அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். வலி போனதும் வாய் நனைய ஒரு மடக்குத் தண்ணீர். ஆறு மணி நேரம் இதுதான். கடைசியில் வெளியே நிற்கச் சொன்னார்கள். வராந்தாவில் டிவியில் அழகர் ஆற்றில் இறங்குவது ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பாட்டி கண்ணை இடுக்கிக்கொண்டு, "என்ன பட்டுய்யா கட்டிருக்காரு?" என்று கேட்டார். "பச்சைப் பட்டு, ஆத்தா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் வந்து, "பொம்பளைப் பிள்ளை, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றார். அந்தப் பாட்டி என் தலையில் கை வைத்தார். யாரென்றே தெரியாது எனக்கு.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். அதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: சேனை தொட்டு வைக்க வருகிறவர்களைத் தடுப்பது. சீனித் தண்ணீர், தேன், தெருவில் விற்கிற கழுதைப்பால் எதுவும் வேண்டாம். முதலில் சுரக்கிற மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடவும் கூடாது. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். என் சொந்த அத்தை கிண்ணத்தோடு வந்து நின்றார். படுத்துக்கிடக்கிற பெண் அதைச் சொன்னால் பொல்லாப்பு, அதனால் நான் சொன்னேன்: "அத்தை, ஆறு மாசம் கழிச்சு இவளுக்கு முதல் சோறு நீங்கதான் ஊட்டணும். அதுவரைக்கும் பொறுங்க." ஒத்துக்கொண்டார், ஊட்டவும் செய்தார்.

பிள்ளை எடை குறைவாகப் பிறந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். மூத்தவளைப் பதினொரு நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். ஆபரேஷன் ஆன என் மனைவியால் எழுந்து உட்கார முடியவில்லை. அங்கே இருந்த நர்ஸ் என்னிடம், "சட்டையைக் கழட்டுங்க, நல்லாக் கை கழுவிட்டு வந்து சாஞ்சு உக்காருங்க" என்றார். கங்காரு பராமரிப்பு என்று அதைச் சொல்வார்கள், தாய்க்கு முடியாதபோது தகப்பனும் செய்யலாம். துணிகூட இல்லாமல் அவளை என் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து மேலே ஒரு போர்வையைச் சுற்றினார். ஒரு கிலோ 900 கிராம் என்பது கைக்குத் தெரிகிற கனமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு என் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அவள் கால் விரல்கள் என் விலாவில் ஊன்றி ஒரு தடவை உந்தின. எட்டு மாதமாக அவளுடைய அம்மா மட்டும் அறிந்த உதை. எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

உங்களுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. இன்னும் சில வாரத்தில், வெளியே கை வைத்தாலே அசைவு தெரியும். ராத்திரி அவர் படுத்த பிறகு, கையை அழுத்தாமல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்த அட்டையை மஞ்சப்பையிலிருந்து எடுத்து, ரத்த வகையைப் பாருங்கள். அவர் நெகட்டிவ் என்றால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஆன்டி டி ஊசி பற்றி நீங்களே கேளுங்கள்.